நீலகிரிப் பழங்குடிகளின் மருந்தறிவைக் காக்கத் துணை நிற்பது எப்படி

மூலிகை அறிவு அழிந்துகொண்டிருக்கிறது, பெரியவர்கள் போவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்ற பதைப்போடு நோட்டும் ரெக்கார்டருமாக மலையேறுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. மாணவர்கள், ஆசிரியர்கள், சித்த மருத்துவர்கள், சிறு தொண்டு அமைப்புகள் என்று பலரும் வருகிறார்கள். அந்தப் பதைப்பு உண்மையானது. வேலையைத் தொடங்கும் இடம்தான் பிழையாகிவிடுகிறது. ஒரு குறும்பர் வைத்தியருக்குத் தெரிந்ததில் எழுத்தில் அடங்குவது கொஞ்சம். எந்தச் சரிவில், எந்த மழைக்குப் பிறகு, செடியின் எந்த வயதில், எவ்வளவு எடுத்து எவ்வளவை விடுவது என்பதெல்லாம் அவரோடு காட்டுக்குள் நடக்கும் பிள்ளைக்குத்தான் போய்ச் சேரும். அந்தப் பாதையை வேலியோ உண்ணிப்புதரோ வனச்சரக வாசலோ அடைத்துவிட்டால், நோட்டில் மிஞ்சுவது பெயர்ப் பட்டியல்.

அதனால் இங்கே வேலையின் வரிசை வேறு: முதலில் ஊரின் முடிவு, பிறகு காட்டின் மீதான உரிமை, பிறகு செடிகள், அதன் பிறகே பதிவு. மருந்து முறை ஒன்றுகூட இதில் இல்லை. அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது.

ஊரிடம் கேட்பது

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பழனிமலையின் பளியர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், இந்த ஆறில் இல்லை. உரிமை மனு எழுதும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

ஆறு சமூகங்களுக்கும் ஒரே அறிவு என்று நினைத்துப் போகாதீர்கள். எருமை வளர்க்கும் தோடர்களின் கவலை மேட்டுநிலப் புல்வெளியும் சதுப்பும். அவர்களுடைய கோயிலுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில்தான் விளைகிறது. சதுப்பு வற்றினால் கூரையோடு அதை வேயும் கைப்பழக்கமும் சடங்கும் போகும். கோத்தர்களின் அறிவு மண்ணிலும் இரும்பிலும் இசையிலும்கூட இருக்கிறது. சரிவுகளில் வாழும் குறும்பர், இருளரிடம் தேன், கிழங்கு, பட்டை, பிசின் பற்றிய அறிவு ஆழமானது. ஒரு மந்தில் (தோடர் ஊர்) கிடைத்த சம்மதம் பக்கத்துக் கோக்காலுக்கு (கோத்தர் ஊர்) செல்லாது. ஒரே சமூகத்துக்குள்ளும் ஒரு ஊரின் சொல் இன்னொரு ஊரைக் கட்டுப்படுத்தாது.

நேராக வைத்தியர் வீட்டுக்குப் போகாதீர்கள். முதலில் ஊர் மூப்பர், பிறகு ஊர்க்கூட்டம். காப்பி பறிப்புக் காலத்திலும் தேன் காலத்திலும் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போக முடியாதவர்கள் மட்டும் வருவார்கள். கூலி வேலைக்குப் போகும் ஊர்களில் ஞாயிறு பிற்பகல் ஒத்துவரும். தேதியை அவர்களே சொல்லட்டும்.

முதல் கூட்டத்தில் கையெழுத்து வாங்க வேண்டாம். யார் நீங்கள், பணம் எங்கிருந்து வருகிறது, என்ன செய்ய நினைக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். பட்டமோ கட்டுரையோ கிடைக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள். காக்கிச் சட்டைக்கும் ஜீப்புக்கும் தலைமுறைகளாகப் பதில் சொல்லிப் பழகிய ஊரில் ‘சரிங்க’ என்ற சொல்லை வைத்துச் சம்மதத்தை அளக்க முடியாது. குறைந்தது இரண்டு வாரம் கழித்து இரண்டாம் கூட்டம். அதன் முதல் பாதியில் நீங்கள் வெளியே உட்காருங்கள். அவர்கள் தங்கள் மொழியில் பேசி முடிக்கட்டும். பெண்களோடு தனியாகவும் பேச வேண்டும். பிரசவம், குழந்தை, கீரை பற்றிய அறிவு பெரும்பாலும் பெண்களிடம் இருக்கிறது, பொதுக்கூட்டத்தில் அவர்கள் அதைப் பற்றி வாய் திறப்பது குறைவு.

ஒப்புதல் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. என்ன பதிவாகும், யார் வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம், எந்த வேலைக்குப் பயன்படும், நாள் ஊதியம் எவ்வளவு, எந்தத் தேதியோடு ஒப்புதல் முடிகிறது, எப்படித் திரும்பப் பெறலாம் என்பவை இருந்தால் போதும். தமிழில் எழுதி உரக்கப் படியுங்கள். ஊர் ஆள் ஒருவர் அதைத் தங்கள் மொழியில் சொல்வதை ஒலிப்பதிவு செய்யுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஒலிதான் ஆவணம். வைத்தியரும் ஊரும் சேர்ந்து ஒப்ப வேண்டும். மூன்று படிகள்: ஊருக்கு ஒன்று, வைத்தியர் குடும்பத்துக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. திரும்பப் பெறும் உரிமைக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: அச்சிலோ இணையத்திலோ போன பிறகு எதையும் யாராலும் திரும்ப அழைக்க முடியாது.

எதைப் பகிரலாம் என்பதை முன்பே பிரிப்பது

அறிவை மூன்றாகப் பிரிக்கச் சொல்லி ஊரிடம் விடுங்கள். நன்னாரி, பிரண்டை, கீழாநெல்லி மாதிரி சமவெளியிலும் எல்லோருக்கும் தெரிந்தவை பச்சை. ஊருக்குள் மட்டும், தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் என்பவை மஞ்சள். சொல்லவே கூடாதவை சிவப்பு. மஞ்சள் பதிவுகள் ஊரின் பெட்டியில் இருக்கும். உங்களிடம் நகல் வேண்டாம். சிவப்பைப் பதிவே செய்யாதீர்கள். ‘பூட்டி வைத்துக்கொள்கிறோம்’ என்று வாங்கிப் போன நோட்டுகள் ஆள் மாறியதும் அலமாரி மாறும், பிறகு ஆய்வேடாக வெளியே வரும்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சட்டத்தின் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2001-இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகம் ஆயுர்வேதம், சித்தா, யுனானி நூல்களில் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைக் காப்புரிமை அலுவலகங்களின் பார்வைக்கு வைக்கிறது. மஞ்சள் கிழங்கின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமை 1997-இல் ரத்தானதும் அச்சில் இருந்த சான்றுகளால்தான். வாய்மொழியாக இருக்கும் குறும்பர் அறிவு அந்த நூலகத்துக்குள் வராது. ‘அப்படியானால் எல்லாவற்றையும் அச்சிட்டுவிடுவோமே’ என்று தோன்றும். அச்சிட்டால் வேறொருவர் காப்புரிமை வாங்குவதைத் தடுக்கலாம்; ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர் ஊரைக் கேட்பதற்கோ ஊருக்குப் பங்கு தருவதற்கோ அதுவே காரணமாகிவிடாது. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 2023 திருத்தம், நூல்வழி முறைப்படுத்தப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கும் பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் பங்கீட்டுப் பொறுப்பிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. நூலாகாத அறிவைத் தெரியாத்தனமாக நூலாக்கிக் கொடுப்பது யாருக்கு லாபம் என்று யோசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதுவதும் இதே சட்டத்தின் கீழ்தான். அது நல்ல கருவி, குழுவில் பழங்குடி ஆட்கள் இருக்கும்வரை. பதிவேட்டில் செடியின் பெயரையும் வாழிடத்தையும் நிலையையும் எழுதலாம். முறையைச் சொல்வதும் சொல்லாததும் அறிந்தவரின் விருப்பம். மூன்று நாளில் ஆலோசகர் ஒருவர் வந்து எழுதி முடித்துப் போன பதிவேட்டை ஊர் ஏற்க வேண்டியதில்லை. திருத்தச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

காட்டுக்குப் போகும் உரிமை

வெளியாள் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி இதுதான்: வன உரிமைச் சட்ட மனுவுக்கான காகித வேலை. 2006-ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிரிவு 3(1)-இல் நமக்கு முக்கியமானவை நான்கு: சிறு வன விளைபொருளைச் சேகரித்து விற்கும் உடைமை உரிமை, ஊர் வழக்கமாகப் பயன்படுத்திவரும் காட்டை, அதாவது சமூக வன வளத்தை, காத்து நிர்வகிக்கும் உரிமை, பல்லுயிர் சார்ந்த பாரம்பரிய அறிவின் மீது சமூகத்துக்கு உள்ள அறிவுசார் சொத்துரிமை, மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கும் வேளாண்மைக்கு முந்தைய சமூகங்களுக்குமான வாழிட உரிமை. நீலகிரியின் ஆறு சமூகங்களும் நான்காவதையும் கோரலாம். பளியர் ஊர்கள் முதல் மூன்றைக் கோரலாம்; நான்காவதை வேளாண்மைக்கு முந்தைய சமூகம் என்ற வகையில்தான் கேட்க முடியும்.

நீதிமன்றத் தடை காரணமாகத் தமிழ்நாட்டில் 2016 வரை உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. அதனால் பல ஊர்களில் இன்னும் முதல் கூட்டமே நடக்கவில்லை. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது என்பதால், அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டமும் இங்கே துணைக்கு வராது. நம்பியிருக்க வேண்டியது இந்த ஒரு சட்டத்தைத்தான்.

இங்கே அடிக்கடி சறுக்கும் இடம் கிராம சபை. நீலகிரி ஊராட்சிகள் பெரியவை. பல தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளும் சேர்ந்தவை. ஊராட்சி முழுவதற்குமான கிராம சபையில் பழங்குடிகள் சிறுபான்மை ஆகிவிடுவார்கள். 2012-இல் திருத்திய விதிகள், பதிவேறாத குடியிருப்புகளையும் அடையாளம் கண்டு பட்டியலிடச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் ஊர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூட்டத்துக்கு உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். வன உரிமைக் குழுவுக்கு 10 முதல் 15 பேர். பழங்குடிகள் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது, பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. தீர்மானமும் கையெழுத்தும் தனித்தனித் தாளில் இருந்தால் மனு திரும்பிவிடும். தைத்த தீர்மான நோட்டில், பக்க எண்ணோடு, அதே பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள். சமூக உரிமைக்குப் படிவம் பி, சமூக வன வளத்துக்குப் படிவம் சி. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பி மட்டும் கொடுத்த ஊருக்குச் சேகரிக்கும் உரிமை வரும், நிர்வகிக்கும் உரிமை வராது.

சான்று இரண்டு வகையாவது வேண்டும். பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் ஒன்றாகும். பழைய ஊர், கல்லறை, தெய்வம் இருக்கும் இடம் ஆகியவையும் சான்றே. இந்தச் சட்டத்தின் விதி 13, கிழங்கு எடுக்கும் இடம், மேய்ச்சல் நிலம், நீர்நிலை ஆகியவற்றோடு, வைத்தியர்கள் மூலிகை சேகரிக்கும் எல்லைகளையும் பெயர் சொல்லியே சான்றாக ஏற்கிறது. மருந்தறிவு நிலத்துக்குச் சான்றாகிற இடம் இது. இதை விட்டுவிட்டு மனு எழுதாதீர்கள்.

வரைபடத்தை முதலில் மண் தரையில் வரையுங்கள். ஓடை, பாறை, பழைய பாதை என்று பெரியவர்கள் கல்லும் குச்சியும் வைத்துக் காட்டட்டும். அதன் பிறகே ஜிபிஎஸ்ஸோடு நடை. பெண்கள் போகும் பாதை வேறு என்பதால் அவர்களோடு தனி நடை தேவை. வெளி எல்லையை மட்டும் குறியுங்கள். எந்த மரம், எந்தப் பாறையிடுக்கு என்ற புள்ளிகள் மனுவுக்குத் தேவையில்லை. குறித்தால் அது திருடனுக்கு வழிகாட்டி. எல்லை பக்கத்து ஊரைத் தொட்டால் அந்த ஊர்ப் பெரியவரையும் நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதித் தகராறு அங்கேயே தீரும்.

மனு கொடுத்ததும் தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். மனுவைப் பரிசீலிக்கும் கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கோட்டக் குழுவின் முடிவு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு. வாய்மொழியாக ‘கிடைக்காது’ என்றதை நம்பி ஊர் சும்மா இருந்தால் அந்த 60 நாள் ஓடிவிடும்.

உரிமை வந்த பிறகு, விளைபொருளைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை வழங்க வேண்டியது கிராம சபை அமைக்கும் குழு. சோதனைச் சாவடியில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். விதியின் தமிழ்ப் படியும் சீட்டும் பையில் இருக்கட்டும்.

செடிகளும் காடும்

எடுப்பதற்கான விதி ஊரிடம் ஏற்கெனவே இருக்கும்: இந்த மாதத்துக்கு முன் தொடக் கூடாது, இந்த மரத்தில் இத்தனைதான், இந்தச் சோலைக்குள் கத்தி போகக் கூடாது. சமூக வன வள நிர்வாகத் திட்டத்தின் முதல் பக்கம் அந்த விதிகளாக இருக்கட்டும். விற்பனைக்கென்று எடுப்பு கூடியிருக்கும் செடிகளுக்கு மட்டும் கூடுதல் அளவு தேவை. ஊரோடு பேசி முடிவு செய்யத் தொடக்கமாக இவற்றை வைக்கலாம்.

மாகாளிக்கிழங்குதான் மிகவும் அடிவாங்கியது. ஊறுகாய்க்காகவும் நன்னாரியோடு கலப்பதற்காகவும் முழுச் செடியாகப் பிடுங்கப்படுகிறது. தலைவேரை விட்டுவிட்டுப் பக்கவேர்களில் பாதியை மட்டும் எடுத்து, குழியை மண்ணால் மூடி, அந்தக் கொடியை மூன்று நான்கு ஆண்டுகளுக்குத் தொடாமல் விட்டால் திரும்ப வேர் கட்டும். குழியைத் திறந்தே விட்டால் மிச்ச வேரும் அழுகும். பட்டை எடுக்கும்போது மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் மரம் சாகும். கிளையில், நெடுக்குவாட்டில், சுற்றளவில் கால் பங்குக்கு மேல் போகாமல், உள்பட்டை காயாத ஈரக் காலத்தில் எடுக்க வேண்டும். குங்கிலியத்துக்கு அடிமரத்தில் ஆழமாக வெட்டுவதும் தீ வைப்பதும் சில ஆண்டு மகசூலைக் கூட்டும், பிறகு மரம் பட்டுப்போகும். நெல்லிக்குக் கிளையை வெட்டக் கூடாது. மரத்துக்கு மரம் கொஞ்சம் காய் மானுக்கும் விதைக்கும் நிற்க வேண்டும். கல்பாசி மிக மெதுவாக வளரும். பட்டையோடு செதுக்காமல், ஒரு கிளையை முழுக்க வழிக்காமல், திட்டுத்திட்டாக விட்டு எடுக்க வேண்டும்.

கீழ்ச்சரிவுகளில் செடிகளுக்குப் பெரிய எதிரி உண்ணிச்செடி. இதை அகற்ற ஆள் திரட்டி வருவது நல்ல உதவி, முறை தெரிந்து செய்தால். கணுக்கால் உயரத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்கு அடர்த்தியாகத் துளிர்க்கும். எரித்தாலும் அப்படியே. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, காய் பழுப்பதற்கு முன், தண்டுக்கும் வேருக்கும் இடையிலான கட்டையை மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே கொத்தால் வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். பறவைகள் வந்து அமரும் மரத்தடியில் நாற்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் முதல் ஆண்டு மூன்று முறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் மழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் கையால் பிடுங்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஆளும் பணமும் இல்லையென்றால் பரப்பைக் குறையுங்கள். ஒரு ஏக்கரை முழுதாக மீட்பது பத்து ஏக்கரைக் கலைத்துவிட்டுப் போவதைவிட மேல். புதருக்கு அடியில் எந்த மருந்துச்செடி ஒளிந்திருக்கிறது என்று காட்ட ஊர்ப் பெண் ஒருவர் வேலையாட்களுக்கு முன்னால் போகட்டும், அவருக்குக் கூலியோடு.

மேட்டுநிலத்தில் வாட்டில் என்ற அயல்மரத்தில் கை வைக்காதீர்கள். வெட்டினால் வேரிலிருந்தும் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்தும் காடாக எழும். அதன் நிழலில் முளைத்திருக்கும் சோலை நாற்றுகளும் வெட்டில் போகும். வனத்துறை அனுமதியும் நீண்ட திட்டமும் இல்லாமல் செய்யும் வேலை அல்ல அது.

நாற்றங்கால் ஊருக்குள், பெண்கள் குழுவின் கையில் இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. சோலை மண்ணை அள்ளாதீர்கள். 6 அங்குலத்துக்கு 9 அங்குலப் பை, 50 சதவீத நிழல்வலை. கடுக்காய் விதை ‘முளைக்காது’ என்று கைவிடப்படுவதற்குக் காரணம் அதன் கல் போன்ற ஓடு. சதையை நீக்கி, கொட்டையின் அகன்ற முனையைக் கரு சிதையாமல் நறுக்கி, 36 மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதையுங்கள். நெல்லியைச் சதை நீக்கி வெயிலில் காயவைத்தால் கொட்டை தானே வெடிக்கும். நீரில் மிதக்கும் விதையைத் தள்ளிவிடுங்கள். மாகாளி விதை நாள்பட்டால் முளைக்காது, எடுத்த கையோடு போட வேண்டும். வேறு மலையிலிருந்து விதை வாங்கி வராதீர்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஜூன் மாதமும், கோத்தகிரியின் கிழக்குச் சரிவிலும் பழனிமலையிலும் வடகிழக்குப் பருவமழையில் அக்டோபரிலும் நடவு. நடுவதற்கு ஒரு மாதம் முன்பே நிழல்வலையைப் படிப்படியாக விலக்கி, நீரைக் குறைத்துப் பழக்காவிட்டால் முதல் வெயிலில் வாடிவிடும்.

மூலிகைத் தோட்டம் போட்டுப் பலகை நடும் ஆசை பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் உண்டு. பலகையில் பெயர் மட்டும் போதும். எந்த நோய்க்கு என்று எழுதினால் அதுவும் வெளியீடுதான். தோட்டம் காட்டுக்கு ஈடாகாது என்பதையும் மனதில் வையுங்கள். சோலை நிழலிலும் பாறைக் கசிவிலும் வளர்வது பாத்தியில் அதே செடியாக இருக்காது என்று வைத்தியர்கள் சொன்னால் அதை மதியுங்கள்.

பதிவு செய்வது

ஊர் கேட்டால் மட்டும். பதிவின் நோக்கம் ஊர்ப் பிள்ளைகள் என்றால் கேமராவையும் மைக்கையும் பிடிக்க வேண்டியது அவர்களே. விடுமுறையில் நான்கைந்து பிள்ளைகள் ஒரு பெரியவரோடு நடக்க, பெரியவருக்கு நாள் ஊதியம் கொடுக்க, மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்க நீங்கள் உதவினால் எந்தக் காணொளியையும்விட அது மிகும்.

ஒலியை வேவ் வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண், காற்றுக்குப் பஞ்சுறை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், பச்சையா மஞ்சளா என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோப்புப் பெயரில் வைத்தியர் பெயர் வேண்டாம், எண் போதும். நீலகிரியின் ஈரத்தில் வன்தட்டும் லென்ஸும் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை அதைச் சூடாக்கி ஈரம் போக்குங்கள்.

போன் கேமராவில் இருப்பிடக் குறிப்பை அணைக்காமல் காட்டுக்குள் போகாதீர்கள். படத்தோடு ஒட்டியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்தே அரிய செடியைத் தேடி வர முடியும். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டாலும் இருப்பிடத்தை மறைத்துப் போடுங்கள்.

செடியின் பெயரை உறுதி செய்யாத பதிவு ஆபத்து. சந்தையில் நன்னாரி என்று வருவதில் மாகாளி வேர் இருக்கும். மரமஞ்சள் என்ற பெயரில் தாழ்காட்டுக் கொடி ஒன்றும் மேட்டுநில முள்செடியான ஊசிக்களாவும் கைமாறுகின்றன. பூவோ காயோ உள்ள ஒரு முழ நீளக் கிளை, நாளிதழ்களுக்கு இடையில் இறுக்கிக் கட்டி, முதல் ஐந்து நாளும் தாளை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து வீணாகும் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதற்கு ஏற்ற காலம். மூன்று மாதிரி எடுங்கள், ஒன்று ஊருக்கு. கோவையிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். பழனிமலைக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் உண்டு. சீட்டில் ‘பயன்’ என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். காப்புக்காட்டில் மாதிரி எடுக்க அனுமதி தேவை. ஓரிரு செடியே நிற்கும் இடத்தில் கிளையை ஒடிக்காமல் படம் மட்டும் எடுங்கள்.

ஒரு வைத்தியர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சரிபார்க்காதீர்கள். ஆராய்ச்சி முறையில் அது சரியாக இருக்கலாம். ஊரில் அது முன்னவரின் ரகசியத்தை அவிழ்த்துவிடும் செயல். பாம்புக்கடி போன்றவற்றில் பதிவை யாருக்கும் சிகிச்சைக் குறிப்பாகக் கொடுக்கவும் கூடாது; விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பணம்

நாள் ஊதியமாகக் கொடுங்கள், முறைக்கு இவ்வளவு என்று ஒருபோதும் வேண்டாம். முறைக்கு விலை வைத்தால் முறைகள் பெருகும். ஊருக்குள் யார் அதிகம் சொன்னார் என்ற பொறாமையும் பெருகும். அந்த வட்டாரத்தின் நல்ல நாட்கூலிக்குக் குறையாமல், அதே நாளில், கையில். மொழிபெயர்க்கும் இளைஞருக்கும் அதே அளவு.

பொருளாக ஏதேனும் உருவானால் பங்கு எப்படி என்பதை முதல் நாளே எழுதுங்கள். அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மருந்தைத் தயாரிக்கும் உரிமம் 1995-இல் 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அறக்கட்டளை அமைந்தது. இந்தியாவில் இதற்கு முன்னோடி அது. அதிலும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. காணிகள் பல ஊர்களில் பரவியிருக்க, எல்லா ஊரையும் கேட்கவில்லை. செடியின் இலையைக் காட்டில் வளர்த்து விற்க வனத்துறையின் ஒப்புதல் முன்கூட்டியே வாங்கப்படவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு ஓட்டைகளையும் முதலில் அடைத்துவிடுங்கள்.

ஊர் தானே விற்க விரும்பினால், ‘சர்க்கரை தீரும், புற்று தீரும்’ என்று சீட்டு ஒட்டவிடாதீர்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டத்தில் குற்றமாகும், வழக்கு விற்ற பெண்கள் மேல் வரும். மருந்தாக விற்க உரிமம் தேவை; காய்ந்த கடுக்காய், சீயக்காய், தேன் என்று மூலப்பொருளாகவும் உணவாகவும் விற்பது எளிது. தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் புளிக்கும். மழையில் எடுத்த மலைத்தேனை, ஈரத்தை அளக்கும் ஒளிவிலகல்மானியில் பார்த்துவிட்டுப் புட்டியில் அடையுங்கள். கோத்தகிரியில் பழங்குடிகளே பங்குதாரர்களாக இருக்கும் ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் இயங்குகிறது. அவர்களைப் போய்ப் பார்த்து எடை, விலை, கணக்கு எப்படி வைக்கிறார்கள் என்று ஊர்ப் பெண்கள் நேரில் கேட்டு வருவது பல பயிற்சி வகுப்புகளுக்குச் சமம்.

சுற்றுலா வருகிறவர்கள் வாங்கும்போது யார் எடுத்தது, எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் இல்லாத வேரையும் பட்டையையும் வாங்காதீர்கள். ஊட்டியில் கூவி விற்கும் யூகலிப்டஸ் தைலம் பழங்குடி மருந்து என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். தோடர் பூத்தையலுக்கு 2013 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. அச்சிட்ட நகலைத் தவிர்த்து, தைத்தவரிடமே வாங்குங்கள்.

நீங்கள் விலகும் நாளுக்கும் முதலிலேயே தேதி குறியுங்கள். அன்று ஊரிடம் சேர வேண்டியவை: தீர்மான நோட்டு, மனு ஒப்புகைகள், வரைபடத்தின் மூலம், வன்தட்டும் அதன் கடவுச்சொல்லும், மாதிரித் தாள்கள், வங்கிப் புத்தகம். உங்கள் கணினியில் மஞ்சள் கோப்பு எதுவும் மிச்சமில்லை என்று ஊர் இளைஞர் ஒருவரை உட்கார வைத்து அழித்துக் காட்டிவிட்டு, அதையும் தீர்மான நோட்டில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.